24 செக்கன் காத்த ஆட்டம்

பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நிற்கும் நாட்களில் நாம் ஆண்டுதோறும் கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. "இன்னும் கால்மணி நேரம் தந்திருந்தால் நன்றாக எழுதியிருப்போம், சேர்" என்பதே அது. காலவரையறை திறமைக்குப் பகை என்பது மாணவர் பலரின் எண்ணம். பெற்றோருள்ளும் இவ்வாறு கருதுவோர் உளர். இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்று ஆராய விரும்புவோருக்கு, அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் 1954-55ஆம் ஆண்டுப் போட்டிப் பருவம் நல்லதொரு பாடமாகும்.

கூடைப்பந்தாட்டத்தை 1891ஆம் ஆண்டில் ஸ்பிரிங்பீல்ட் நகரில் உருவாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர். அவர் வகுத்த விதிகள் 13. ஒரு குழுவினர் பந்தை எவ்வளவு நேரம் தம்மிடம் வைத்திருக்கலாம் என்பதற்கு அவற்றில் எல்லை எதுவும் கூறப்படவில்லை. பொழுதுபோக்காக ஆடியவரை இதனால் தீங்கு விளையவில்லை. பணம் கொடுத்துப் பார்க்கும் தொழில்முறை ஆட்டமாக அது வளர்ந்தபோதுதான் குறை வெளிப்பட்டது.

1950 நவம்பர் 22ஆந் தேதி மினியாப்பொலிஸ் நகரில் நடந்ததைக் கேளுங்கள். அந்நகரின் லேக்கர்ஸ் குழுவில் ஜோர்ஜ் மைக்கன் என்னும் நெடிய வீரர் ஆடினார். அவரை நேரில் எதிர்த்து வெல்லுதல் அரிதென உணர்ந்த போட் வேன் பிஸ்ரன்ஸ் குழுவினர், பந்தைக் கைக்குக் கை மாற்றியவாறே காலத்தைக் கடத்தினர். காண வந்தோர் கூச்சலிட்டனர். ஆயினும் விதியில் அதைத் தடுக்க இடமில்லை. 48 நிமிட ஆட்டத்தின் முடிவில் போட் வேன் 19, மினியாப்பொலிஸ் 18. இறுதிக் காற்பகுதியில் இரு குழுவினரும் சேர்ந்து பெற்றவை 4 புள்ளிகளே! அச்சங்கத்தின் வரலாற்றில் இதனினும் குறைந்த எண்ணிக்கையில் முடிந்த ஆட்டம் இன்றுவரை இல்லை.

இது தனியொரு நாளின் விந்தையன்று. முன்னணியில் நிற்போர் பந்தை விடாது வைத்திருப்பதும், பின்தங்கியோர் அதை மீட்க வேண்டுமென்றே தவறிழைப்பதும் வழக்கமாயின. தவறு நேரின் எதிர்க்குழுவினருக்குத் தடுப்பாரின்றிக் கூடையை நோக்கி எறியும் வாய்ப்புக் கிட்டும். எனவே ஓட்டமும் பாய்ச்சலும் குறைந்து, ஆட்டம் நின்று நின்று நகர்ந்தது. 1953இல் பொஸ்ரன் குழுவின் பொப் கூசி ஓர் ஆட்டத்தில் 50 புள்ளிகள் பெற்றார். அவற்றுள் 30 இவ்வாறு தண்டனையாகக் கிடைத்த எறிதல்களால் வந்தவை. கூசியின் திறமையில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால் மக்கள் காண விரும்பிய ஆட்டம் இதுவன்று.

இந்நிலையில் வழி கண்டவர் சிரக்கியூஸ் நஷனல்ஸ் குழுவின் உரிமையாளர் டானி பியசோன். இவர் இத்தாலியிற் பிறந்து, சிறு பிராயத்திலேயே அமெரிக்கா சென்றவர். பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் போலிங் விளையாட்டுக் கூடம் நடத்தியவர். இவரும் குழுவின் முகாமையாளர் லியோ பெரிஸும் முன்வைத்த கணக்கு நம் கீழ்வகுப்பு மாணவரும் செய்யக்கூடியது. சுவையாக அமைந்த ஆட்டங்களில் ஒவ்வொரு குழுவும் ஏறக்குறைய 60 முறை கூடையை நோக்கி எறிகின்றது, இரண்டுக்கும் 120. ஆட்ட நேரமாகிய 48 நிமிடம் 2,880 செக்கன். இதை 120ஆல் வகுத்தால் 24. ஆகவே பந்தைப் பெற்ற குழு 24 செக்கனுக்குள் எறிதல் வேண்டும். தவறின் பந்து எதிர்க்குழுவுக்கு. 1954 ஆகஸ்டில் சிரக்கியூஸ் பாடசாலை ஒன்றில் பரீட்சார்த்தமாக ஆடிப் பார்த்தபின், சங்கம் இவ்விதியை ஏற்றது. ஒரு காற்பகுதியில் ஒரு குழு செய்யும் தவறுகளுக்கும் எல்லை வகுத்தது.

1954 அக்டோபரில் பருவம் தொடங்கியது. பயன் உடனே புலப்பட்டது. முந்திய பருவத்தில் ஒரு குழு ஓர் ஆட்டத்திற் பெற்ற சராசரி 79.5 புள்ளிகள், இப்பருவத்தில் அது 93.1 ஆயிற்று. பொஸ்ரன் குழுவின் சராசரியோ 100ஐயும் தாண்டியது. எனினும் சங்கத்தின் துன்பம் ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. பால்ரிமோர் குழு 14 ஆட்டங்களுடன் நவம்பரிற் கலைந்தது. எஞ்சிய எட்டுக் குழுக்களே பருவத்தை நிறைவு செய்தன.

இறுதிப் போட்டியில் எதிர்ப்பட்டோர் யாவர்? ஒருபுறம் விதியைத் தந்த சிரக்கியூஸ். முந்திய ஆண்டின் இறுதிப் போட்டியில் மினியாப்பொலிஸிடம் தோற்ற குழு அது. மறுபுறம் அன்று பந்தைப் பிடித்து வைத்து வென்ற போட் வேன். இரு குழுக்களும் பருவத்தின் 72 ஆட்டங்களில் 43 வென்று சமமாக நின்றன. ஏழு ஆட்டங்களில் முதல் ஆறும் மும்மூன்றாகப் பிரிந்தன.

1955 ஏப்ரல் 10ஆந் தேதி ஏழாவது ஆட்டம் சிரக்கியூஸ் நகரில் நடைபெற்றது. முற்பாதியிலேயே போட் வேன் 17 புள்ளிகள் முந்தியது. பழைய விதியாயின் அன்றே கதை முடிந்திருக்கும். பந்தைக் கையில் வைத்துக் காலத்தைக் கழித்திருப்பர். இப்போது அது இயலாது. 24 செக்கனுக்கு ஒருமுறை எறிந்தேயாக வேண்டும். சிரக்கியூஸ் சிறிது சிறிதாக நெருங்கியது. எண்ணிக்கை 91-91 என நின்றபோது ஜோர்ஜ் கிங் ஒரு புள்ளி ஈட்டினார். அடுத்து எதிராளியின் கையிலிருந்து பந்தையும் பறித்தார். 92-91! சிரக்கியூஸ் முதன்முறையாக வாகை சூடியது. அக்குழுவில் ஆடிய ஏர்ல் லொயிட், ஜிம் ரக்கர் ஆகிய இருவரும் அச்சங்கத்தில் வெற்றிக்கிண்ணம் பெற்ற முதற் கறுப்பின வீரராயினர். கடிகாரம் எவர் நிறத்தையும் பார்த்து நேரங் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை.

தன் குழுவுக்குச் சலுகை தேடிப் பியசோன் அவ்விதியைக் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே அளவாக வைத்த எல்லை, இக்கட்டான வேளையில் அவருக்கும் துணை நின்றது. சர்வதேச விதிகள் 1956இல் 30 செக்கன் எல்லையை ஏற்று, 2000ஆம் ஆண்டில் அதை 24 ஆக்கின. பியசோன் 1992இல் மறைந்தார். கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது 2000ஆம் ஆண்டிலேயே.

மாணவரே, அந்த 24 செக்கன் கூசியின் கையைக் கட்டவில்லை. கட்டுண்டு கிடந்த கையை அவிழ்த்துவிட்டது. முன்னணியில் நின்றவன் சோம்பியிருக்க முடியாமற் போயிற்று. பின்தங்கியவனுக்கு நம்பிக்கை பிறந்தது. அடுத்த முறை பரீட்சை மண்டபத்து மணிக்கூட்டை நோக்கிப் பெருமூச்சு விடும்போது இதை ஒருகால் நினைத்துப் பாருங்கள். நினைத்தபின், நேரத்தை வீணாக்காமல் அடுத்த வினாவுக்குச் செல்லுங்கள்.