வெயில் காணாத ஊறுகாய்

ஊறுகாய் வெயிலின் பிள்ளை. தஞ்சையிலும் மதுரையிலும் கோடை பிறந்தால் மொட்டைமாடியில் வடாம் ஒரு புறமும் உப்பிலிட்ட எலுமிச்சையும் நார்த்தையும் மறுபுறமுமாகக் காய்ந்துகொண்டிருப்பதை நம்மில் மூத்தவர்கள் நன்கு அறிவர். கொல்கத்தாவிலோ ஜூன் முதல் செப்டம்பர் வரை வானம் பெரும்பாலும் மூடியே கிடக்கிறது. 2001-ஆம் ஆண்டில் நகரின் பெயர் மாறியதேயன்றி மழை மாறவில்லை. அடுக்குமாடி வீடுகளில் மாடியும் பலருக்குப் பொது. ஆசையோடு போட்ட ஜாடியில் பூசணம் பூத்து, அதனை அப்படியே கொட்டிய துயரத்தை அறியாத இல்லம் நம்மவரிடையே அரிது எனலாம்.

ஆகவே நம் சகோதரிகள் பலரும் ஊரிலிருந்து வரும் பொட்டலத்தையோ கடைப் புட்டியையோ நம்பியிருக்கின்றனர். இவ்விரண்டும் அன்றி வேறொரு வழியும் உண்டு. காய்கறியை வினிகரில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஓரிரவு ஊறவைப்பதே அது. பாட்டியின் கைப்பக்குவத்திற்கு இது ஈடாகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவோம். ஆயினும் மழைநாளில் தயிர்சாதத்திற்குத் தொட்டுக்கொள்ள இத்துணை எளிதில் கைகூடுவது வேறில்லை.

லேக் மார்க்கெட்டுக்குச் செல்வோர்க்குக் கறிவேப்பிலையும் பெருங்காயமும் நல்லெண்ணெயும் கிடைப்பதில் குறைவில்லை. குளிர்காலமாயின் காலிபிளவர், கேரட், முள்ளங்கி. மழைக்காலமாயின் வெள்ளரி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் ஆகியவை ஏற்றவை. வங்காளிகள் ‘ஆம் ஆதா’ என்று அழைப்பது வேறொன்றுமன்று, நம் மாங்காய் இஞ்சிதான்! கண்ட இடத்தில் வாங்கிவிடுக. கடுகைப் பற்றிக் கவலையே வேண்டா. கடுகை அரைத்துக் கசூந்தி செய்து உண்ணும் நாட்டில் அல்லவா இருக்கிறோம்!

அரைக் கிலோ காய்க்கு ஒரு கோப்பை வினிகர், ஒரு கோப்பை நீர், ஒரு மேசைக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை போதும். வங்காளத்தில் நெடுநாள் வாழ்ந்து நாவில் இனிப்பு ஏறியவர்கள் இரண்டு கரண்டியும் இடலாம்! வினிகர் புட்டியில் அமிலத்தின் அளவு அச்சிடப்பட்டிருக்கும். 5 சதவீதமாயின் மேற்கண்ட கணக்குச் சரி. 4 சதவீதமாயின் நீரை அரைக் கோப்பையாகக் குறைத்து, அந்த அளவுக்கு வினிகரைக் கூட்டுக. இக்கலவையை எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கவிடுக. அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் புளிப்புக்கு ஆகா. கேரட், காலிபிளவர் போன்ற கெட்டியான காய்களைக் கொதிநீரில் ஒரு நிமிஷம் இட்டு எடுத்தல் நலம். வெள்ளரிக்கு இது வேண்டா. ஆனால் பூ இருந்த நுனியைச் சிறிது வெட்டி எறிய வேண்டும். அந்நுனியில் உள்ள ஒருவகை நொதி காயைக் குழையச் செய்துவிடும்.

நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், பெருங்காயம் தாளித்து, சுத்தமான கண்ணாடிப் புட்டியில் காயோடு சேர்த்து, சூடான கலவையைக் காய் மூழ்கும் வரை ஊற்றுக. தேங்காயெண்ணெய் குளிரில் உறைந்துவிடுமாதலால் தவிர்க்க. ஆறியதும் மூடிப் பெட்டியில் வைத்தால் மறுநாளே வெங்காயமும் வெள்ளரியும் உண்ணத் தயார். கேரட்டுக்கு இரண்டு மூன்று நாள் பொறுமை தேவை. பூண்டு சேர்த்திருந்தால் சில வேளைகளில் அது நீலநிறமாக மாறும்; அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது வேறொன்று. நம் பழைய ஊறுகாயில் மிகுந்த உப்பும் புளிப்பும் வெயில் வற்றச்செய்த ஈரமும் சேர்ந்து காவல் நிற்கின்றன. அதனால் ஜாடி சமையலறை மூலையில் ஓராண்டு இருந்தாலும் கெடுவதில்லை. இப்புதிய ஊறுகாயிலோ உப்புக் குறைவு. எண்ணெயும் மணத்திற்கு மட்டுமே. வினிகரும் குளிரும் சேர்ந்துதான் கிருமிகளைத் தடுக்கின்றன. குளிர் நீங்கினால் பாதிக் காவல் போயிற்று. எனவே 4 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத குளிரில் வைத்து, வெள்ளரியை இரண்டு வாரத்திலும் மற்றவற்றை மூன்று நான்கு வாரத்திலும் முடித்துவிடுக. பரிமாறிய பின் புட்டியை மேஜையிலேயே விட்டுவிடலாகாது.

பிள்ளைகள் வேறு ஊர்களில் படிக்கும் இல்லங்களுக்கு இது முக்கியம். சென்னைக்கு ரயிலில் ஓர் இரவும் ஒரு பகலும் செல்ல வேண்டும். தாயின் அன்பு எத்துணை வற்புறுத்தினும் இந்தப் புட்டியைப் பெட்டியில் கட்டி அனுப்பற்க. பயணத்திற்கு உப்பில் ஊறிக் காய்ந்த நார்த்தங்காயே தக்கது. வினிகரின்றி எண்ணெயில் மட்டும் பூண்டை ஊறவைத்து நாட்கணக்கில் வைப்பதும் ஆபத்து. காற்றில்லா இடத்தில் வளரும் போட்டுலினம் என்னும் கிருமி, நிறமோ நாற்றமோ மாறாமலே நஞ்சை உண்டாக்க வல்லது.

காய் தீர்ந்த பின் எஞ்சும் நீரில் மீண்டும் காயைப் போட்டு ஊறவைக்கச் சிலர் எண்ணுவர். முதற்காய் விட்ட நீரால் அதன் புளிப்பு முன்பே தளர்ந்திருக்கும். அதனை வெங்காயப் பச்சடியில் இரண்டு கரண்டி ஊற்றிச் செலவழித்துவிட்டு, அடுத்த காய்க்குப் புதிதாகவே கலந்துகொள்க.