ஆறுமணிக்குருவிக்குத் தண்ணீர் பருக்க வேண்டாம்

யன்னல் கண்ணாடியில் மோதி விழுந்த ஆறுமணிக்குருவிக்கு என்ன தீன் கொடுக்கலாம் என்று அம்பிட்டியவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஒக்டோபர் பிறந்தால் கண்டியில் ஏதாவது ஒரு வீட்டில் இந்தக் கேள்வி எழும். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவிரவாகப் பறந்து வரும் குருவி அது. களைப்பு ஒருபுறம், மின்வெளிச்சம் ஒருபுறம். உடவத்தைக்கெலே காட்டை அண்டிய வீடுகளில் அடிபடுவதில் வியப்பில்லை.

பதில்: ஒன்றும் கொடுக்காதீர்கள். சப்பாத்துப் பெட்டியில் நாலு துளை போட்டு, துணி விரித்து, குருவியை வைத்து மூடி, பூனைக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாத இடத்தில் விடுங்கள். பாலில் தோய்த்த பாண் வேண்டவே வேண்டாம். மண்புழுவும் பூச்சியும் தின்கிற பிராணி இது.

அலகைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றுவதுதான் பெரிய ஆபத்து. மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடியிலேயே இருக்கிறது. ஊற்றிய நீர் அதற்குள் இறங்கிவிடும். இறுகப் பிடிப்பதும் அப்படித்தான். பறவைக்குப் பிரிமென்றகடு கிடையாது. நெஞ்செலும்பு கீழிறங்கி மேலேறினால்தான் காற்றுப்பைகள் துருத்திபோல் விரிந்து சுருங்கும். நெஞ்சை அமுக்கினால், மூக்கு திறந்திருந்தும் மூச்சு நின்றுவிடும்.

அந்தப் பைகள் எலும்புக்குள்ளும் நுழைகின்றன என்பதுதான் எனக்குத் தீராத அதிசயம். மூச்சுக்குழாயைக் கட்டிவிட்டாலும், வெட்டுண்ட சிறகெலும்பின் வழியே பறவை மூச்சுவிடுவதை ஜோன் ஹண்டர் என்ற ஸ்கொட்லாந்து அறுவை மருத்துவர் 1774இல் எழுதி வைத்தார். கொடூரமான சோதனைதான். ஆனால் சிறகின் மேலெலும்பு உடைந்த பறவையின் காயத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவக்கூடாது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்: பல பறவைகளில் அந்த வழி நுரையீரல்வரை போகிறது.

நாமோ கைக்குக் கை மாற்றி, ஃபோனில் படம் பிடித்து, பிழைத்துவிட்டால் கிளிக்கூட்டில் அடைக்கிறோம். விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இலிருந்து இருக்கிறது. கூட்டில் வைத்து வளர்ப்பது குற்றம். சிறகு தொங்கினால், இரத்தம் வந்தால், பெட்டியோடு பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், அல்லது வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். ஓரிரு மணித்தியாலத்தில் உள்ளே பிறாண்டும் சத்தம் கேட்டால், மரநிழலில் மூடியைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள்.

யன்னலுக்கு வெளிப்புறமாக, மூன்று விரல் இடைவெளியில் வெள்ளைக் கடதாசிப் பட்டிகளை ஒட்டுங்கள். கடையில் விற்கிற ஒற்றைப் பருந்துப் படத்தை நம்ப வேண்டாம்; குருவி அதைச் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்துக் கண்ணாடியில் மோதும்.