மாயத்தேவரும் திண்டுக்கல் வாக்காளரும்

கே. மாயத்தேவர் 2022 ஆகஸ்ட் 9 அன்று தமது 88ஆம் வயதில் சின்னாளபட்டியில் காலமானபோது, ‘இரட்டை இலையைத் தேர்ந்தெடுத்தவர்’ என்ற ஒற்றை வரியில் அவரை நினைவுகூர்ந்தார்கள். உண்மைதான், ஆனால் போதாது. திண்டுக்கல்லிலிருந்து மூன்று முறை மக்களவைக்குப் போன இந்த வழக்கறிஞரின் அரசியல் வாழ்க்கை, அவருக்கு ஓட்டுப் போட்டவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது. சினிமா மோகத்தில் மதியிழந்த தொகுதி என்று திண்டுக்கல்லைச் சொல்வது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு அந்த வாழ்க்கையே சாட்சி.

கட்சிக் கணக்கைக் கேட்டதற்காக தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர். 1972 அக்டோபர் 17 அன்று தனிக் கட்சி கண்டார். தி.மு.க. உறுப்பினர் ராஜாங்கம் மறைந்ததால் 1973 மே 20 அன்று திண்டுக்கல்லில் இடைத்தேர்தல் வந்தது. அங்கீகாரம் பெறாத கட்சி என்பதால் பொதுவில் கிடக்கும் சின்னங்களில் ஒன்றைத்தான் எடுத்தாக வேண்டும். எம்.ஜி.ஆர். கட்சியின் வேட்பாளரான மாயத்தேவர் எடுத்தது இரட்டை இலை. தொண்டர்கள் சுவரில் வரைய எளிது என்பதே காரணம் என்று பின்னாளில் சொன்னார். சுண்ணாம்பு அடித்த சுவரில் தூரிகையைப் பச்சையில் தோய்த்து நான்கு வளைகோடு இழுத்து, நடுவே ஒரு காம்பு வைத்தால் முடிந்தது. படம் வரையத் தெரியாதவரும் வரைந்துவிடலாம். ஏழு மாதக் கட்சிக்கு அது எத்தனை பெரிய பலம்!

முடிவு தமிழ்நாட்டையே உலுக்கியது. பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் மாயத்தேவருக்கு. காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸ் சார்பில் நின்ற என்.எஸ்.வி. சித்தன் இரண்டாமிடம். ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாமிடத்துக்குப் போனது. வாக்குப்பதிவுக்கு ஒன்பது நாள் முன்பு, மே 11 அன்று, எம்.ஜி.ஆர். நடித்த ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளிவந்ததைக் காட்டி, எல்லாம் திரையின் மாயம் என்பார்கள். அந்தக் கவர்ச்சிக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சித்தன் நின்ற கட்சியில் சிவாஜி கணேசன் இருந்தாரே! திரை மட்டுமே ஓட்டாகும் என்றால் அங்கும் அல்லவா குவிந்திருக்க வேண்டும்? ஆட்சியின் மீது எழுந்த ஊழல் புகார்களும், கணக்குக் கேட்டவரை வெளியேற்றிய விதமும்தான் மக்கள் மனதில் தைத்தன. சாதி ஓட்டு என்ற வாதமும் நிற்காது. பூட்டுத் தொழிலாளர், தோல் ஷெட்டுகளில் வேலை பார்த்தோர், சின்னாளபட்டி நெசவாளர், சமவெளி விவசாயிகள் என்று பலரும் கலந்த தொகுதியில் எந்த ஒரு சாதியும் பாதி ஓட்டைத் தந்துவிட முடியாது.

இன்னும் வலுவான சான்று 1980இல் இருக்கிறது. 1977இல் இரட்டை இலையில் மறுபடி வென்ற மாயத்தேவர், பிறகு தி.மு.க.வுக்குப் போய் 1980 ஜனவரியில் உதயசூரியனில் நின்றார். தாம் ஊருக்கு அறிமுகம் செய்த சின்னத்தை எதிர்த்தே நின்று வென்றார். அது இந்திரா அலை, இவருடைய வெற்றியல்ல என்று மறுக்கலாம். அலைதான், மாநிலத்தின் 39 இடங்களில் 37 இந்திரா காங்கிரஸ்–தி.மு.க. அணிக்கே போயின. ஆனால் சில மாதங்களிலேயே நடந்த சட்டமன்றத் தேர்தலில் திண்டுக்கல் நகரம் எம்.ஜி.ஆர். அணியின் மார்க்சிஸ்ட் வேட்பாளர் என். வரதராஜனைத் தேர்ந்தெடுத்தது. ஜனதா ஆட்சி சரிந்து கிடந்த டெல்லிக்கு ஒன்று, கோட்டைக்கு வேறொன்று என்று பிரித்துப் பார்த்துப் போட்ட ஓட்டு அது. மோகம் கொண்டவர்கள் இப்படிப் பிரிப்பதில்லை.

1973இல் திண்டுக்கல்லின் சுவர்களில் இலை வரைந்த இளைஞர்களுக்கு இன்று எழுபது வயது கடந்திருக்கும். அவர்கள் ஏன் அப்படி ஓட்டுப் போட்டார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவுசெய்ய இங்குள்ள கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் உடனே முன்வர வேண்டும்.