மரத்துக்கு இழப்பீடு உண்டு, காட்டுக்கு?

பீடோர் சாலையோரக் கடைகளில் கட்டுக்கட்டாகத் தொங்கும் பெத்தாய், நம் வீட்டுச் சம்பாலுக்கும் வந்து சேர்கிறது. அதை மலைக்காட்டிலிருந்து பறித்து வருவோரில் செமாய் மக்களும் உண்டு. தீபகற்ப மலேசியாவின் ஓராங் அஸ்லி இனங்களில் ஆகப் பெரியது செமாய். பேராவிலும் பகாங்கிலும் வாழும் இவர்களின் கிராமங்களுள் ஒன்று, பீடோர் அருகிலுள்ள கம்போங் சாங்.

பெத்தாய், டுரியான், பிரம்பு, மூங்கில் ஆகியவை விற்பனைக்கு. ஆற்று மீன், காட்டுப்பன்றி, கிழங்கு ஆகியவை வீட்டுச் சாப்பாட்டுக்கு. ஊதுகுழல் அம்பில் தடவும் நஞ்சு ஈப்போ மரத்தின் பாலிலிருந்து கிடைக்கிறது. அந்த மரத்தின் பெயரே நம் ஈப்போ நகருக்கும்!

2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 51ஆவது பிரிவு, பட்டியலில் உள்ள சில விலங்குகளைத் தம் குடும்பத்தின் உணவுக்காக வேட்டையாட ஓராங் அஸ்லி மக்களை அனுமதிக்கிறது. விற்க அனுமதி இல்லை. ஆகவே கைச்செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் பெத்தாய் போன்ற காட்டு விளைச்சலைத்தான் நம்ப வேண்டும்.

சிக்கல் நிலத்தில் இருக்கிறது. 1954ஆம் ஆண்டு பூர்வகுடியினர் சட்டப்படி, அரசு நிலம் பிறருக்குக் கொடுக்கப்பட்டால் அவர்களுடைய பழமரங்களுக்கும் ரப்பர் மரங்களுக்கும் இழப்பீடு தர வேண்டும். நிலத்துக்கு இழப்பீடு தருவதோ அரசின் விருப்பம்.

இதை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்கள் சிலாங்கூர், டிங்கில் பகுதியைச் சேர்ந்த தெமுவான் மக்கள். விமான நிலைய நெடுஞ்சாலைக்காக அவர்களுடைய நிலம் எடுக்கப்பட்டது. சாகோங் தாசி வழக்கு எனப்படும் இதில், நிலத்துக்கும் இழப்பீடு தர வேண்டும் என 2002இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அம்மக்களுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. ஆனால் அந்த உரிமை குடியிருப்புப் பகுதிக்கே பொருந்தும், உணவு தேடி அலையும் பரந்த காட்டுக்கு அல்ல என்று உயர்நீதிமன்றம் வரம்பும் வைத்தது. பெத்தாயும் பிரம்பும் கிடைப்பதோ பெரும்பாலும் அந்தக் காட்டில்தான்.

தோட்டத்து லயங்களில் தலைமுறைகளாக வாழ்ந்து, தோட்டம் விற்கப்பட்டதும் வெறுங்கையோடு வெளியேறிய நம் குடும்பங்களுக்கு இந்த நிலை புரியாததல்ல. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நமக்குத் தோட்டம் போனால் பட்டணத்தில் வேறு வேலை தேடலாம். காடு போனால் செமாய் குடும்பத்துக்கு வேலையோடு சாப்பாடும் போகிறது.

நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளது. காட்டை வெட்டக் கொடுப்பதும், பூர்வகுடி நிலமாக அரசிதழில் பதிவு செய்வதும் பேரா அரசின் கையில்தான் இருக்கின்றன.