ஊற்றுத் தண்ணீர்

இரண்டாமாண்டு பி.எஸ்சி. மாணவன்

கடற்கரை ஊர் என்றதும் அலையும் நிலவும் நம் நினைவுக்கு வரும். குடியேறிய பின்போ குடமும் வாளியும்தான்! 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த வேதாரண்யத்தில், உப்பு மூட்டை ஏற்றும் வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. வீட்டில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள் நான். ஆகவே, "நீதான் படிக்கிறியே, ஆழமாத் தோண்டினா நல்ல தண்ணி வராதா?" என்று அம்மா என்னைத்தான் கேட்டார்.

கேள்வி நியாயமானதே. எங்கள் கரூர்ப் பக்கத்துப் பாறைக் கிணறுகளை ஆழப்படுத்தித்தான் தண்ணீர் காண்போம். இங்கோ நேர் எதிர். மணல்மேட்டில் பெய்த மழைநீர் கீழிறங்கி, மண்ணுக்குள் ஊறியிருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. ஒரு லிட்டர் நன்னீர் 1000 கிராம். கடல்நீர் சுமார் 1025 கிராம். இந்தச் சிறு வேறுபாடே காரணம். நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீரே இருக்கும். கைபென், ஹெர்ஸ்பர்க் என்ற இருவர் கண்ட கணக்கு இது. அதையே திருப்பிப் பாருங்கள்: மோட்டார் வைத்து இறைத்து மேல்மட்டம் 1 அடி இறங்கினால், நாளடைவில் அடியிலிருந்து உப்புநீர் 40 அடி ஏறிவிடும். ஏறியது எளிதில் இறங்காது. பல மழைக்காலங்கள் வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பாட்டி பள்ளிக்கூடமே போனதில்லை. மணலில் இடுப்பளவு ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு, மறுபடி ஊறும்வரை உட்கார்ந்திருப்பார். "அவசரப்பட்டா கரிச்சுப் போயிடும், தம்பி" என்பார்.

எங்கள் தெருவில் மூன்று வீட்டார் ஆழ்துளைக் கிணறு போட விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவுக்குத் தாளில் வரைந்து காட்டினேன். அதே தாளை எடுத்துக்கொண்டு அந்த மூன்று வீடுகளுக்கும் போக வேண்டும்.