சீக்கிரம் இருட்டும் ஊரில் பிள்ளையும் போனும்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் டிசம்பரில் மாலை ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் இறங்கிவிடுகிறது. தீவு வெகு கிழக்கே இருக்கிறது. கடிகாரமோ நாடு முழுவதற்கும் ஒன்றுதான். அதனால் இங்கே சூரியன் கடிகாரத்தைவிட ஏறக்குறைய 40 நிமிடம் முந்திக்கொள்கிறது. வீடு திரும்பும் பிள்ளைக்குப் படுக்கும்வரை நீண்ட இருட்டு, கையில் போன். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபின் நெட்டும் வேகம்.

பிடுங்கி வைத்துவிடலாமா? வேண்டாம். பள்ளிச் செய்தி அதில்தான் வருகிறது. சீசனில் நீங்கள் ரிசார்ட்டிலோ கடையிலோ இரவுவரை நிற்கிறீர்கள்; பிள்ளை உங்களைக் கூப்பிடுவதும் அதில்தான். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் என்று அளந்து கொடுக்கவும் முடியாது, பார்க்க வீட்டில் ஆள் இல்லை. எந்த மணிக்கு மேல் கூடாது, எந்த இடத்தில் கூடாது என்று மட்டும் வையுங்கள்.

எந்த மணி? தூக்கத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இங்கே விடிவதும் சீக்கிரம். ஐந்தரைக்கு எழும் பிள்ளை ஒன்பதரைக்குள் தூங்கியாக வேண்டும். அந்த வயதில் மெலடோனின் (தூக்கத்தை வரவழைக்கும் சுரப்பு) இயல்பாகவே தாமதமாகத்தான் சுரக்கும். திரை வெளிச்சம் அதை இன்னும் தள்ளிப்போடும். ஆகவே எட்டரைக்குப் போன் கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும், தலைமாட்டில் வேண்டாம். "அலாரம் வைக்கணுமே" என்று கேட்டால் ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள்.

உங்கள் போன்? அதுவும் அதே இடத்தில். ராத்திரியில் புக்கிங் அழைப்பு வருமென்றால் சத்தத்தைக் கூட்டிக் கூடத்திலேயே வையுங்கள். நீங்கள் விலக்குக் கேட்டால் விதி அன்றோடு போயிற்று.

பூட்டும் ஆப் போடலாமா? கூகுளின் ஃபேமிலி லிங்க் போன்றவை சின்னப் பிள்ளைகளுக்கு உதவும். சொல்லிவிட்டுப் போடுங்கள், ரகசியமாகப் போட்டால் பிள்ளையும் ரகசியமாக வேறு வழி தேடும்.

நேரத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. போட்டோவைக் காட்டி யாராவது மிரட்டினால் தயங்காமல் வந்து சொல்லலாம், அதற்காகப் போனைப் பிடுங்க மாட்டோம் என்று இப்போதே வாக்குக் கொடுங்கள். போன் போய்விடும் என்ற பயத்திலேயே வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. மிரட்டல் செய்தியை அழிக்காதீர்கள். 1098-ஐ (குழந்தைகள் உதவி எண்) அழையுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 (இணையக் குற்ற உதவி எண்). பிள்ளை மனம் உடைந்திருந்தால் 14416 (டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண்). கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.