உஷார்! ஜெனீவா இன்டர்ன்ஷிப்புக்குக் காசு கேட்டால் கட்டாதீர்கள்

முதலில் விஷயம். உலக சுகாதார நிறுவனம், பேப்பரில் டபிள்யூ.எச்.ஓ. என்று வருகிறதே அதுதான், இன்டர்ன்ஷிப்புக்கு மாணவர்களிடம் ஒரு பைசா வாங்குவதில்லை. விண்ணப்பத்துக்கும் இல்லை, நேர்காணலுக்கும் இல்லை, பிராசஸிங்குக்கும் இல்லை, பயிற்சிக்கும் இல்லை. அந்த நிறுவனமே தன் வேலைவாய்ப்புப் பக்கத்தில் இதை எச்சரிக்கையாகப் போட்டு வைத்திருக்கிறது. அதன் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால், கேட்பவர் திருடர். மேலே படிக்க நேரமில்லாதவர்கள், வீட்டில் இருக்கும் கல்லூரிப் பிள்ளையிடம் இதை மட்டுமாவது சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

நேரம் இருப்பவர்களுக்கு மீதி.

புதுச்சேரிப் பக்கத்து அபிஷேகப்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து தவளக்குப்பம் வந்தால் கடலூர் ரோடு. அதில் தெற்கே போனால் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள். வடக்கே பாண்டிக்குள் போனால் கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, கோரிமேட்டில் ஜிப்மர். காலை பஸ்ஸில் பாருங்கள், வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு நிற்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! நர்சிங், பிசியோதெரபி, லேப் டெக்னாலஜி, பொது சுகாதாரம். பாகூர், வில்லியனூர் பக்கம் நிறைய வீடுகளில் முதல் தலைமுறைப் பட்டதாரி இந்தப் பிள்ளைதான். மோசடிக்காரனுக்கு இவர்களைவிடத் தோதான ஆள் கிடையாது. இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் தேவைப்படுகிற வயது, டபிள்யூ.எச்.ஓ. என்ற மூன்றெழுத்தின் மேல் இருக்கிற மரியாதை, விசாரித்துப் பார்க்க வீட்டில் விவரம் தெரிந்த ஆள் இல்லாதது, மூன்றும் ஒரே இடத்தில்.

இவர்களுக்கு வருகிற போலித் தேர்வுக் கடிதத்தைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம். மேலே நீல நிறத்தில் ஐ.நா. சின்னம், நடுவில் கோலைச் சுற்றிய பாம்பு. நெட்டிலிருந்து யார் வேண்டுமானாலும் எடுத்து ஒட்டலாம். உங்கள் பெயர் சரியாக இருக்கும், கல்லூரிப் பெயரும் சரியாக இருக்கும். லிங்க்ட்இன்னிலும் வேலை தேடும் தளங்களிலும் நீங்களே ஏற்றிவைத்த பயோடேட்டா இருக்கிறதே! முதல் பத்தியில் வாழ்த்து. இரண்டாவதில் மாதம் சில ஆயிரம் டாலர். மூன்றாவதில் தங்குமிடம், விமான டிக்கெட் இலவசம். நான்காவது பத்தியில்தான் கொக்கி: மருத்துவக் காப்பீட்டுக்காக ஒரு முன்பணம், ஜெனீவா வந்து சேர்ந்ததும் முழுதாகத் திருப்பித் தரப்படும், 48 மணி நேரத்தில் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். கீழே உருண்டை ரப்பர் ஸ்டாம்ப், சாய்வாக ஒரு கையெழுத்து. கட்டச் சொல்கிற கணக்கோ ஏதோ ஒரு வெளிமாநில வங்கிக் கிளையில், தனி ஆள் ஒருவர் பெயரில் இருக்கும்.

ஜெனீவாவில் தலைமையகம் வைத்திருக்கிற, 1948-லிருந்து இயங்குகிற ஐ.நா. அமைப்புக்குத் தனி ஆள் பெயரில் கணக்கு எதற்கு? இந்தக் கேள்வியை அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை. இன்னொரு வேடிக்கை, உண்மையான பயிற்சி மாணவர்களுக்கு மருத்துவ, விபத்துக் காப்பீட்டை அந்த நிறுவனமே போட்டுத் தருகிறது.

முதல் தொகை பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். கட்டியதும் ரசீது வரும், பளபளவென்று. பிறகு விசா கட்டணம், அதன் பிறகு போலீஸ் சான்று, அதற்குப் பிறகு "டாலர் மாற்றும் வரி". போட்ட பணத்தை மீட்க வேண்டுமே என்ற தவிப்பில்தான் இரண்டாவது, மூன்றாவது தொகை போகும். தூண்டில் போடுகிறவன் முதல் இழுப்பிலேயே கயிற்றைச் சுண்டுவதில்லை. அம்மாவின் வளையல் அடகுக்குப் போவதும், மகளிர் குழுவில் எடுத்த கடன் கரைவதும் அந்த இடத்தில்தான்.

"படித்த பிள்ளை எப்படி ஏமாந்தது?" என்று ஊரில் கேட்பார்கள். எனக்கு இந்தக் கேள்வியே பிடிக்காது. பணம் கேட்டால் சந்தேகம் வர வேண்டும் என்கிறோம். ஆனால் நாம் பிள்ளைகளுக்குப் பழக்கியது வேறு. சீட்டுக்குப் பணம், ஹாஸ்டலுக்குத் திருப்பித் தரும் டெபாசிட், புராஜெக்ட் செய்து தர ஒரு கடைக்குப் பணம், போகாத இன்டர்ன்ஷிப்புக்குச் சர்டிபிகேட் தர இன்னொரு கடைக்குப் பணம். காசு கட்டினால்தான் காரியம் நடக்கும் என்று பன்னிரண்டாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொடுத்துவிட்டு, ஜெனீவாக்காரன் கேட்டால் மட்டும் சந்தேகப்படு என்றால் எப்படி? இப்படி வளர்ந்த பிள்ளைக்கு, கட்டணம் கேட்கும்போதுதான் கடிதம் நிஜம் என்ற நம்பிக்கையே வருகிறது. மோசடிக்காரனுக்கு இது நன்றாகத் தெரியும்.

நம் பாண்டிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. வெளிநாடு நமக்குத் தூரமில்லை. சொல்தா பென்ஷன், அதாவது பிரெஞ்சு ராணுவ பென்ஷன், வாங்கிய வீடுகளையும் பாரிஸில் இருக்கும் அத்தை, சித்தப்பாக்களையும் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஜெனீவாவில் பேசுவதும் பிரெஞ்சுதான். மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் இந்தக் கடிதம் வந்தால் நாலு பேர் "நிஜமாவா?" என்பார்கள். இங்கே "எப்ப கிளம்பறே?" என்று கேட்டுவிடுகிறோம்.

உண்மையான வழி எப்படி இருக்கும் என்று தெரிந்தால் போலி தானாகத் தெரியும். குறைந்தது 20 வயது ஆகியிருக்க வேண்டும். பல்கலைக்கழகத்திலோ அதற்கு இணையான நிறுவனத்திலோ மூன்று ஆண்டு முழுநேரப் படிப்பை முடித்திருக்க வேண்டும். பாடம் பொது சுகாதாரம், மருத்துவம் போல அந்த நிறுவனத்தின் வேலையோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். நெருங்கிய உறவினர் யாரும் அங்கே ஊழியராக இருக்கக் கூடாது. பயிற்சிக் காலம் 6 முதல் 24 வாரம். ஆகவே நர்சிங் முதலாம் ஆண்டு படிக்கிற 18 வயதுத் தங்கச்சிக்கு "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்" என்று கடிதம் வந்தால், பிரித்துப் படிக்கவே தேவையில்லை. "டபிள்யூ.எச்.ஓ. மருத்துவமனையில் நர்ஸ் டிரெய்னி" என்று வந்தாலும் அப்படித்தான். நோயாளிகளைப் படுக்கவைத்துப் பார்க்கிற ஆஸ்பத்திரி நடத்துவது அந்த நிறுவனத்தின் வேலை இல்லை. அங்கே பயிற்சி மாணவர் செய்வது தரவு, ஆய்வு, அறிக்கை சார்ந்த வேலைகள்.

விண்ணப்பிக்காமலே தேர்வாவது என்ற பேச்சும் கிடையாது. நிறுவனத்தின் சொந்த வேலைவாய்ப்புத் தளத்தில் கணக்கு தொடங்கி, ஏன் இந்தப் பயிற்சி வேண்டும் என்று எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். உலகம் முழுவதிலிருந்தும் போட்டி. பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்காது. கசப்பாக இருந்தாலும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சம்பளக் கதைக்கு வருவோம். ரொம்ப காலம் இந்தப் பயிற்சிகளுக்குக் கையில் ஒன்றும் தந்ததில்லை. 2015-ல் டேவிட் ஹைட் என்ற 22 வயது நியூசிலாந்து இளைஞர், ஜெனீவாவில் ஐ.நா.வில் சம்பளமில்லாத இன்டர்ன். வாடகை கட்டுப்படியாகவில்லை என்று ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கியது உலகச் செய்தியானது. ஏழை நாட்டுப் பிள்ளைகள் உள்ளே வரவே முடியவில்லை என்ற புகார் வலுத்து, 2018 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தை வழிநடத்தும் உலக சுகாதாரப் பேரவை, நிறுவனத்தின் இன்டர்ன்ஷிப் திட்டத்தைச் சீர்திருத்த முடிவெடுத்தது. 2022-க்குள் பாதிக்குக் குறையாத இடங்கள் வளரும் நாட்டு மாணவர்களுக்கு என்று இலக்கு வைத்தார்கள். 2020 முதல் உதவித்தொகையும் வந்தது. அது தங்கிச் சாப்பிடுவதற்கான தொகை. "மாதம் நாலு லட்சம்" என்று எவனாவது சொன்னால் அவன் வேறு எங்கேயோ ஆள் பிடிக்கிறான் என்று அர்த்தம்.

இப்போதைய நிலைமையையும் யோசியுங்கள். அமெரிக்கா விலகுவதாக 2025 ஜனவரியில் அறிவித்த பிறகு அந்த நிறுவனமே இழுத்துப் பிடித்துச் செலவு செய்கிறது. 2026-27-க்கான பட்ஜெட்டை முதலில் போட்ட கணக்கிலிருந்து 21 சதவீதம் வெட்டி, 420 கோடி டாலராக்கினார்கள். ஊழியர்களையே குறைக்கிற நேரத்தில் "500 இந்திய மாணவர்கள் உடனடியாகத் தேவை" என்று வாட்ஸ்அப்பில் ஓடுகிற செய்தியை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மெயில் முகவரியைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கமே பாதி ஆபத்தைத் தடுக்கும். அனுப்பியவர் பெயர் என்று மேலே தெரிவதை நம்பாதீர்கள், அதில் யார் பெயரை வேண்டுமானாலும் போடலாம். அதைத் தொட்டு உள்ளே இருக்கும் முகவரியைத் திறந்து, ஆட் குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். டபிள்யூ, எச், ஓ, ஒரு புள்ளி, ஐ, என், டி. அவ்வளவுதான் இருக்க வேண்டும். ஜிமெயில் என்றால் போலி. நடுவில் கோடு போட்டு "கேரியர்ஸ்" என்று சேர்த்து, கடைசியில் டாட் காம், டாட் ஆர்க் என்று முடிந்தாலும் போலி. டாட் காமை யார் வேண்டுமானாலும் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். டாட் இன்ட் விலைக்குக் கிடைக்காது. நாடுகள் உடன்படிக்கை போட்டு உருவாக்கிய அமைப்புகளுக்கு மட்டுமே அது கொடுக்கப்படுகிறது. முகவரி சரியாகத் தெரிந்தும் பணமோ பாஸ்வேர்டோ கேட்டால் அப்போதும் நம்பாதீர்கள், அனுப்பியவர் முகவரியையே போலியாகக் காட்டும் வித்தையும் இருக்கிறது. இது புதிதும் அல்ல. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், தன் மீதான சைபர் தாக்குதல்கள் ஐந்து மடங்கு கூடிவிட்டதாகவும், தன் பெயரில் மோசடி மெயில்கள் பொதுமக்களுக்குப் போவதாகவும் அந்த நிறுவனமே எச்சரித்தது.

"நான்தான் பணம் கட்டவில்லையே, ஆதார் காப்பி மட்டும்தானே அனுப்பினேன்" என்கிறவர்களுக்கு இன்னும் பெரிய அபாயம். ஆதார், பான், பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கையெழுத்து, போட்டோ எல்லாம் ஒரே மெயிலில் போனால், உங்கள் பெயரில் சிம் வாங்கவும் கடன் எடுக்கவும் முயற்சி நடக்கும். இதைவிட மோசம், "உதவித்தொகை வரவு வைக்க" என்று புதிதாக வங்கிக் கணக்கு தொடங்கச் சொல்லி, ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் தங்களிடம் தரச் சொல்வது. அந்தக் கணக்கில் வேறு யாரிடமோ திருடிய பணம் வந்து போகும், போலீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். 2025-ல் புதுச்சேரி சைபர் கிரைம் போலீஸார் பிடித்த ஒரு பெரிய மோசடி வழக்கில், பணம் கைமாறியது கல்லூரி மாணவர்களின் கணக்குகள் வழியாக. கைதானவர்களில் மாணவர்களும் இருந்தார்கள். "தெரியாமல் கொடுத்தேன்" என்று கோர்ட்டில் நிரூபிப்பதற்குள் படிப்பு போய்விடும்.

பொது சுகாதாரத்தில் நிஜமான ஆர்வம் உள்ள பிள்ளைகளுக்கு ஒன்று. ஜெனீவாவுக்கு முன்னால் நம் பாண்டி இந்திரா நகரைப் பாருங்கள். அங்கே இருக்கிறது 1975-ல் தொடங்கிய வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர், கொசு ஆராய்ச்சி நிலையம். யானைக்கால் நோய், கொசுக் கட்டுப்பாடு ஆகியவற்றில் உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையமாகச் செயல்பட்ட இடம் அது. 1981 முதல் 1985 வரை பாண்டியின் சாக்கடைகளிலும் குட்டைகளிலும் இறங்கி அவர்கள் செய்த யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டத்தை இந்தத் துறைக்காரர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். வில்லியனூர் பக்கம் ராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராம சுகாதார மையம் இருக்கிறது. உங்கள் துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு நேரில் போய் வாய்ப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். பஸ் காசுதான் செலவு. அங்கே பார்த்த வேலை பிற்பாடு ஜெனீவா விண்ணப்பத்தில் எழுதவும் உதவும்.

ஏற்கனவே பணம் கட்டிவிட்டீர்களா? அழுதுகொண்டு உட்காராதீர்கள், அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று ராத்திரி முழுக்க யோசிக்காதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். தேசிய சைபர் குற்ற உதவி எண் அது. திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று தாவிக்கொண்டே இருக்கும், ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டால் முடிந்தது. அதற்கு முன் புகார் போனால் இடையில் எங்காவது நிறுத்திவைக்க வழி இருக்கிறது. பணம் அனுப்பிய ரசீது, யு.டி.ஆர். எனும் பரிவர்த்தனை எண், அவர்கள் அனுப்பிய மெயில், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் பிளாக் செய்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். ஆள்மாறாட்டம் செய்து கம்ப்யூட்டர் வழியாக ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் புகார் இல்லாமல் வழக்கு எங்கிருந்து வரும்?

அம்மா அப்பாக்களே, பிள்ளை வந்து சொன்னால் முதல் வார்த்தையாகத் திட்டாதீர்கள். பயந்துபோன பிள்ளை இரண்டு நாள் மறைக்கும், அந்த இரண்டு நாள் திருடனுக்குப் போதும். கல்லூரிப் பிளேஸ்மென்ட் அதிகாரிகளே, உங்கள் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டுங்கள்: வெளிநாட்டு இன்டர்ன்ஷிப் கடிதம் எது வந்தாலும், பணமோ ஆவணமோ அனுப்பும் முன் எங்களிடம் காட்டவும். கீழே 1930 என்று பெரிதாக எழுதுங்கள்.